நெட்வொர்க் புரோகிராமிங் படிக்க எந்தப் புத்தகம்? முதலில் ரிசீவ் பக்கத்தைத் திறந்து பாருங்கள்

வியாசர்பாடியிலிருந்து ஒரு தம்பியின் கேள்வி. சுருக்கமாக இதுதான்: "அண்ணா, பி.இ. இசிஇ முடித்துவிட்டேன். சி ஓரளவு தெரியும், பைத்தான் கொஞ்சம். நெட்வொர்க் புரோகிராமிங் கற்க ஒரு நல்ல புத்தகம் வேண்டும். கையில் 1,500 ரூபாய் இருக்கிறது. காலேஜில் வாங்கிய ஃபோரவுஸனின் நெட்வொர்க் பாடப்புத்தகம் வீட்டில் இருக்கிறது. கடையில் கேட்டால் சிசிஎன்ஏ கைடு ஒன்றை எடுத்து நீட்டுகிறார்கள். ஒரு சீனியர் ஸ்டீவன்ஸ்தான் படிக்கணும் என்கிறார். இன்னொருவர், அது தாத்தா காலத்துப் புத்தகம், எல்லாம் மாறிப்போச்சு என்கிறார். எதை வாங்குவது?"

இந்த மாதம் எதையும் வாங்காதீர்கள். 1,500 ரூபாயை மடித்து வையுங்கள். பீஜ் என்ற பட்டப்பெயரில் பிரையன் ஹால் எழுதிய 'பீஜ்'ஸ் கைடு டு நெட்வொர்க் புரோகிராமிங்' இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அவரே போட்டு வைத்திருக்கிறார், திருட்டுப் பிரதி கிடையாது. சி தெரிந்தவருக்கு இரண்டு வாரம் போதும். அதை முடித்த பிறகும் ஆசை குறையாமல் இருந்தால் ஸ்டீவன்ஸின் 'யூனிக்ஸ் நெட்வொர்க் புரோகிராமிங்' முதல் தொகுதியை, மூன்றாம் பதிப்பாகப் பார்த்து, பழைய பிரதியாகவே வாங்குங்கள். பதில் அவ்வளவுதான். ஆனால் நாளைக்கு இன்னொரு கடையில் வேறொரு புத்தகத்தைக் கையில் எடுத்து நிற்பீர்கள். அப்போது நான் பக்கத்தில் இருக்க மாட்டேன். அதனால் மீதியையும் எழுதுகிறேன்.

கடைக்காரர் மேல் கோபப்பட வேண்டாம். 'நெட்வொர்க்' என்று கேட்டால் அவருக்கு மூன்று அலமாரி இருக்கிறது, எதைக் கேட்கிறீர்கள் என்று அவருக்குத் தெரியாது. ஒன்று, நெட்வொர்க் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லும் பாடப்புத்தகம். ஃபோரவுஸன், டானன்பாம், குரோஸும் ராஸும் சேர்ந்து எழுதியது எல்லாம் அந்த வகை. இரண்டு, ரவுட்டரையும் சுவிட்சையும் அமைக்கச் சொல்லித் தரும் புத்தகம். சிசிஎன்ஏ கைடு அங்கேதான் வரும். அது நிர்வாகி வேலைக்குப் போகிறவருக்கு நல்ல புத்தகம், உங்களுக்கு இப்போது தேவையில்லை. மூன்றாவது அலமாரிதான் நமக்கு வேண்டியது: இரண்டு புரோகிராம்கள் ஒன்றோடு ஒன்று பேச நாம் என்ன எழுத வேண்டும், பேச்சு நடுவில் அறுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் புத்தகங்கள். இந்த அலமாரி மிகச் சிறியது. பல கடைகளில் இருக்கவே இருக்காது.

ஃபோரவுஸனைத் தூக்கிப் போட வேண்டாம். பாக்கெட்டின் தலைப்புப் பகுதியில் எந்த பிட் எங்கே என்று பார்க்க இன்னும் உதவும். ஆனால் அதைப் படித்துவிட்டு சர்வர் எழுதலாம் என்று நினைப்பது, மோட்டார் வாகனச் சட்டத்தைப் படித்துவிட்டு மின்ட் தெருவில் வண்டி ஓட்டக் கிளம்புவது மாதிரி.

சரி, மூன்றாவது அலமாரிப் புத்தகம் ஒன்று கையில் இருக்கிறது, நல்லதா கெட்டதா எப்படிச் சொல்வது? நான் செய்வது ஒன்றே ஒன்று. டிசிபி (இரண்டு கம்ப்யூட்டர்கள் வரிசை மாறாமல் தகவலைக் கைமாற்றும் நெறிமுறை) இணைப்பிலிருந்து தகவலை வாங்கும் முதல் உதாரணத்தைத் தேடி எடுப்பேன். சி மொழி என்றால் ரிசீவ் அல்லது ரீட் என்ற ஃபங்ஷனைக் கூப்பிடும் இடம். அங்கே ஒரு லூப் இருக்கிறதா? ஒரே ஒரு முறை கூப்பிட்டு, வந்ததை அப்படியே திரையில் அச்சிட்டுவிட்டு, "பார்த்தீர்களா, எவ்வளவு சுலபம்" என்று நகர்ந்துவிட்டால் நான் அந்தப் புத்தகத்தை மூடி வைத்துவிடுவேன். முதல் அத்தியாயத்தில் சுருக்கமாகக் காட்டியிருந்தால் மன்னிக்கலாம், ஆனால் இரண்டாவது மூன்றாவது அத்தியாயத்திலாவது "முன்பு காட்டியது போதாது, ஏனென்றால்" என்று திரும்பி வந்திருக்க வேண்டும்.

இதில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், அடி வாங்கியவன். டிசிபி உங்களுக்குத் தருவது செய்திகளை அல்ல, பைட்டுகளின் ஓட்டத்தை. நம் ஊரில் இதைப் புரியவைக்கக் குடத்தை விட நல்ல பொருள் இல்லை. லாரித் தண்ணீரைப் பிடித்து மாடியில் இருக்கும் சின்டெக்ஸ் தொட்டியில் மூன்று குடம் ஊற்றுகிறீர்கள். கீழ் வீட்டில் அக்கா குழாயைத் திறக்கிறார். அவருக்கு வருவது தண்ணீர். அதில் எது முதல் குடம், எது இரண்டாவது குடம் என்று குழாய் சொல்லாது. அவர் ஒரு வாளி பிடித்தால் அதில் முதல் குடம் முழுவதும் இரண்டாவதில் பாதியும் இருக்கலாம். அல்லது குழாய் ஒரு சொம்பு அளவு கொடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றுபோகலாம். ஒரு துளி குறையாது, வரிசையும் மாறாது. அந்த உறுதி மட்டும் உண்டு. குடத்தின் எல்லை வேண்டும் என்றால் அதை நீங்கள்தான் குறித்து அனுப்ப வேண்டும்: ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் அதன் நீளத்தைப் போட்டு, அல்லது முடிவில் வரி முறிவு மாதிரி ஓர் அடையாளம் வைத்து.

யுடிபி என்ற இன்னொரு நெறிமுறை அப்படி இல்லை. அது குடத்தைக் குடமாகவே கைமாற்றும். வழியில் ஒன்று உடைந்து போகலாம், இரண்டாவது குடம் முதலில் வரலாம். நீங்கள் நீட்டிய பாத்திரம் சின்னதாக இருந்தால் மிச்சம் தரையில் கொட்டும், திரும்ப அள்ள முடியாது.

இது தெரியாமல் நான் எழுதிய புரோகிராம் ஒன்று, திருவொற்றியூரைத் தாண்டி ஒரு கன்டெய்னர் யார்டில் ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் எடை மேடை. லாரி ஏறி நின்றதும் கன்டெய்னர் எண், எடை, நேரம் மூன்றும் ஒரு பதிவாக ஆபீஸ் கம்ப்யூட்டருக்குப் போக வேண்டும். நான் ஒரு ரிசீவ் போட்டேன், ஒரு பதிவு வந்தது. என் மேஜையில் ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு பக்கத்தையும் ஓட்டிப் பார்த்தேன், ஆயிரம் முறை சரியாக வந்தது. யார்டிலும் மூன்று வாரம் ஓடியது. ஒருநாள் கப்பல் வந்த நேரம், எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு முழுக்க லாரி. எடை மேடைக்கும் ஆபீஸுக்கும் நடுவில் இருந்த ரேடியோ இணைப்பு திணறியது. இரண்டு பதிவுகள் ஒட்டிக்கொண்டு வந்தன, ஒரு பதிவு பாதியில் வெட்டுப்பட்டு வந்தது.

கன்டெய்னர் எண் என்பது நான்கு எழுத்து, ஏழு இலக்கம். அதில் கடைசி இலக்கம் மற்ற பத்தையும் வைத்துக் கணக்கிட்டு எடுக்கும் சரிபார்ப்பு இலக்கம். நல்லவேளை, அந்தச் சரிபார்ப்பை நான் எழுதி வைத்திருந்தேன். வெட்டுப்பட்ட எண் கணக்கில் தோற்றது, கேட் திறக்கவில்லை. அது இல்லாமல் இருந்திருந்தால் ஒரு லாரியின் எடை அடுத்த லாரியின் தலையில் ஏறியிருக்கும், யாருக்கும் தெரிந்தே இருக்காது. டிரைவர்கள் இறங்கி வந்து பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. அதில் ஒரு பெரியவர் மட்டும், "இன்னா தம்பி, மிஷினுக்கும் தூக்கம் வருதா?" என்று கேட்டுவிட்டு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு டீ குடிக்கப் போனார். ராத்திரி பதினொரு மணிக்கு, நெட்வொர்க்கில் போகும் பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் டிசிபி-டம்ப்பைப் போட்டுப் பார்த்த பிறகுதான் எனக்கு விஷயம் புரிந்தது. நான் படித்த புத்தகத்தில் ரிசீவைச் சுற்றி லூப் இல்லை.

அதனால், கடையில் நிற்கும்போது இன்னும் இரண்டு இடங்களையும் பாருங்கள். ரிசீவ் பூஜ்ஜியத்தைத் திருப்பித் தந்தால் எதிராளி இணைப்பை முடித்துக்கொண்டார் என்று பொருள். அதைப் புத்தகம் தனியாகச் சொல்கிறதா? எதிராளி போன பிறகும் நாம் எழுதிக்கொண்டே இருந்தால் யூனிக்ஸில் சிக்பைப் (SIGPIPE) என்ற சிக்னல் வந்து நம் புரோகிராம் சத்தமில்லாமல் செத்துப்போகும். அந்தப் பெயர் பின்பக்கச் சொல்லடைவில் இருக்கிறதா? இந்த மூன்றும் இருந்தால் எழுதியவர் நிஜ நெட்வொர்க்கில் நனைந்தவர் என்று நம்பலாம்.

இப்போது "தாத்தா காலத்துப் புத்தகம்" விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் இரண்டாவது சீனியர் சொன்னதில் பாதி சரி. எந்தப் பாதி என்பதுதான் முக்கியம்.

நெட்வொர்க்கில் பேச நாம் இன்று கூப்பிடும் சாக்கெட், பைண்ட், லிசன், அக்செப்ட், கனெக்ட் ஃபங்ஷன்கள் எல்லாம் 1983-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் 4.2 பிஎஸ்டி யூனிக்ஸோடு வெளிவந்தவை. டிசிபி-யின் விதிமுறை, ஆர்எஃப்சி என்ற இணைய ஆவண வரிசையில் 793 என்ற எண்ணில் 1981 செப்டம்பரில் வந்தது. நாற்பது வருடத்துக்கு மேல் அதுதான் ஆதாரம். 2022 ஆகஸ்டில் ஆர்எஃப்சி 9293 அதன் இடத்துக்கு வந்தபோதும் நடுவில் சேர்ந்த திருத்தங்களைத் தொகுத்தார்களே தவிர, பழைய கம்ப்யூட்டரும் புதிய கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ள முடியாதபடி எதையும் மாற்றவில்லை. ஆகவே 1998-இல் அச்சான புத்தகம் மூன்று முறை கைகுலுக்கி இணைப்பு தொடங்குவதைப் பற்றியோ, இணைப்பை மூடிய பிறகு வரும் டைம்-வெயிட் நிலையைப் பற்றியோ சொன்னது இன்றைக்கும் பொருந்தும். சர்வரை நிறுத்திவிட்டு உடனே மறுபடி ஓட்டினால் "முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது" என்று திட்டு வாங்குவீர்கள், முதல் நாளே. அதற்குக் காரணம் அந்த டைம்-வெயிட். லினக்ஸில் 60 விநாடி. பழைய புத்தகத்தில் அதற்கான மருந்தும் இருக்கும்.

பழையதாகிப்போனவை நான்கு இடங்கள். முதலாவது, பெயரை முகவரியாக மாற்றும் வேலை. முன்பு கெட்ஹோஸ்ட்பைநேம் (gethostbyname) என்ற ஃபங்ஷன். அது ஐபிவி4 என்ற பழைய முகவரி முறைக்காகப் பிறந்தது, பல திரெட்கள் ஒரே நேரத்தில் கூப்பிட்டால் ஒன்றின் விடை மேல் இன்னொன்று எழுதிவிடும். யூனிக்ஸ் வகை அமைப்புகளுக்கான பொதுத் தரமான போசிக்ஸின் 2008-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்தே அதை எடுத்துவிட்டார்கள். இன்று கெட்அட்ர்இன்ஃபோ (getaddrinfo). கடையில் நின்றுகொண்டே செய்யக்கூடிய சோதனை இது: சொல்லடைவைத் திறந்து இந்த இரண்டு பெயரையும் தேடுங்கள். முதல் பெயர் மட்டும் இருந்தால் அந்தப் புத்தகத்துக்கு ஐம்பது ரூபாய்க்கு மேல் தர வேண்டாம். உங்கள் பாக்கெட்டில் இருக்கும் ஜியோ சிம் ஐபிவி6 முகவரியில் ஓடிக்கொண்டிருக்கும்போது, முகவரி என்றாலே நான்கு எண்ணும் மூன்று புள்ளியும்தான் என்று நினைக்கும் நிரலை எழுதப் பழகக் கூடாது.

இரண்டாவது, ஒரே நேரத்தில் நிறைய இணைப்புகளைக் கவனிப்பது. பழைய புத்தகங்களில் அதற்கு செலக்ட் என்ற ஃபங்ஷன் மட்டும் இருக்கும். லினக்ஸில் அதன் பட்டியல் 1,023 என்ற எண்ணோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் எண் கொண்ட சாக்கெட்டை அதில் போட்டால் பிழை என்றுகூடச் சொல்லாது, பக்கத்து நினைவகத்தைக் கெடுத்துவிட்டு நகரும். பத்தாயிரம் இணைப்புகளை ஒரே சர்வரில் எப்படித் தாங்குவது என்று டான் கெகல் 1999-இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இந்தப் பேச்சு சூடு பிடித்தது. அதற்காகப் பிறகு வந்த வசதிகள்: ஃப்ரீபிஎஸ்டியில் கே-க்யூ, லினக்ஸ் 2.6-இல் ஈ-போல், 2019-இல் லினக்ஸ் 5.1-உடன் ஐஓ-யூரிங். செலக்டையும், அதே வேலை செய்யும் போல் (poll) என்ற ஃபங்ஷனையும் முதலில் படிப்பது தப்பில்லை, ஈ-போல் ஏன் தேவைப்பட்டது என்று அப்போதுதான் புரியும். ஆனால் அங்கேயே நின்றுவிடக் கூடாது.

மூன்றாவது, பாதுகாப்பு. இணைப்பில் போவதை மற்றவர் படிக்க முடியாதபடி மறைக்கும் டிஎல்எஸ் பற்றிப் பழைய புத்தகத்தில் இருப்பதை அப்படியே தாண்டிவிடுங்கள். புத்தகத்தை நம்பாமல், நீங்கள் பயன்படுத்தும் நூலகத்தின் இன்றைய ஆவணத்தைப் பாருங்கள். நான்காவது, வலைக்கு அடியில் டிசிபி மட்டுமே இருக்கும் என்ற நினைப்பு. 2021 மே மாதம் குயிக் என்ற நெறிமுறை ஆர்எஃப்சி 9000-ஆக வந்தது, அது யுடிபி மேல் ஓடுகிறது, ஹெச்டிடிபி 3 அதன் மேல் நிற்கிறது. இது இப்போதைக்குத் தெரிந்தால் போதும். படிக்க வேண்டாம்.

ஸ்டீவன்ஸுக்கு வருவோம். ரிச்சர்ட் ஸ்டீவன்ஸ் இன்றைய ஜாம்பியாவில், லுவான்ஷியா என்ற ஊரில் 1951-இல் பிறந்தவர். 'யூனிக்ஸ் நெட்வொர்க் புரோகிராமிங்' முதல் பதிப்பு 1990-இல் வந்தது, ஒரே புத்தகம். 1998-இல் அதைப் பிரித்து முதல் தொகுதியையும் அடுத்த வருடம் இரண்டாம் தொகுதியையும் எழுதினார். 1999 செப்டம்பர் முதல் தேதி இறந்துவிட்டார், ஐம்பது வயதுகூட ஆகவில்லை. பில் ஃபென்னரும் ஆண்ட்ரூ ருடாஃபும் முதல் தொகுதியைப் புதுப்பித்து 2003 இறுதியில் மூன்றாம் பதிப்பாக வெளியிட்டார்கள். வாங்குவதென்றால் அதுதான். அட்டையில் மூன்று பெயர் இருக்க வேண்டும். ஸ்டீவன்ஸ் பெயர் மட்டும் இருந்தால் பழையது. இரண்டாம் தொகுதி ஒரே கம்ப்யூட்டருக்குள் நடக்கும் பேச்சு பற்றியது, தலைப்பு ஒன்று என்பதால் ஏமாந்து அதை வாங்கிவிட்டு வந்த ஆட்களை எனக்குத் தெரியும்.

மூன்றாம் பதிப்பு சுமார் ஆயிரம் பக்கம். பயப்பட வேண்டாம், முழுவதையும் யாரும் படிப்பதில்லை. முதல் எட்டு அத்தியாயங்கள், அப்புறம் பதினொன்று, பதினான்கு, பதினாறு, முப்பது. நடுவில் எஸ்சிடிபி என்ற வேறொரு நெறிமுறை பற்றி வரும் அத்தியாயங்களைத் தைரியமாகத் தாண்டுங்கள். டெலிகாம் கம்பெனி வேலை கிடைத்தால் திரும்பி வரலாம். ஈ-போல் இந்தப் புத்தகத்தில் இல்லை, அதை வேறு இடத்தில்தான் படிக்க வேண்டும்.

இதில் என் உயிர் ஐந்தாவது அத்தியாயம். எழுதுவது சாதாரண எக்கோ சர்வர், அனுப்பியதைத் திருப்பி அனுப்பும், அவ்வளவுதான். அதை எழுதி முடித்துவிட்டு மனுஷன் அதை ஒவ்வொரு விதமாகக் கொல்கிறார். சர்வர் புரோகிராம் செத்தால் கிளையன்டுக்கு என்ன தெரியும்? சர்வர் இருக்கும் கம்ப்யூட்டரே திடீரென்று நின்றால்? நின்று மறுபடி எழுந்தால்? ஒழுங்காக ஷட்-டவுன் செய்தால்? கடைசிக் கேள்விக்கு மட்டும் முதல் கேள்வியின் விடையேதான், மற்றபடி ஒவ்வொன்றுக்கும் வேறு விடை. இதைப் படிக்கும் முன் எனக்கு "கனெக்‌ஷன் போயிடுச்சு" என்பது ஒரே ஒரு சம்பவம். பிறகு அது மூன்று வெவ்வேறு வியாதி.

இதில் ஒரு முள்ளும் இருக்கிறது. புத்தகத்தின் எல்லா நிரலும் அவரே எழுதிய ஒரு ஹெடர் கோப்பையும், பெரிய எழுத்தில் தொடங்கும் அவருடைய சொந்த ஃபங்ஷன்களையும் நம்பி இருக்கும். அந்த மூல நிரலை இறக்கி இன்றைய லினக்ஸில் கம்பைல் செய்யப் போனால் பல பேருக்கு முதல் நாளே எங்காவது மாட்டும், அதோடு புத்தகத்தை மூடிவிடுவார்கள். மாட்டினால் விட்டுவிடுங்கள். பெரிய எழுத்தில் 'சாக்கெட்' என்று இருந்தால் அது சாதாரண சாக்கெட்டைக் கூப்பிட்டு, பிழை வந்தால் செய்தி சொல்லிவிட்டு வெளியேறும் உறை, வேறொன்றும் இல்லை. நீங்களே ஐந்து வரியில் எழுதிக்கொள்ளலாம். அப்படி எழுதினால் இன்னும் நன்றாகப் பதியும்.

லினக்ஸ்தான் என் சோறு என்று முடிவு செய்தவருக்கு மைக்கேல் கெரிஸ்க்கின் 'தி லினக்ஸ் புரோகிராமிங் இன்டர்ஃபேஸ்', 2010. ஆயிரத்து ஐந்நூறு பக்கத்துக்கு மேல், தலைக்கு வைத்துப் படுக்கலாம். 56 முதல் 61 வரை சாக்கெட், 63-இல் ஈ-போல். விலை உங்கள் பட்ஜெட்டில் அடங்காது. இரண்டு நண்பர்கள் சேர்ந்து வாங்கினால் தகும், ஏனென்றால் மற்ற அத்தியாயங்கள் எல்லாமே பிறகு வேலைக்கு ஆகும்.

பைத்தானில்தான் செய்வேன் என்றால் 'ஃபவுண்டேஷன்ஸ் ஆஃப் பைத்தான் நெட்வொர்க் புரோகிராமிங்' மூன்றாம் பதிப்பு, 2014, பிராண்டன் ரோட்ஸும் ஜான் கோர்ஸனும். குடத்தின் எல்லையை எப்படிக் குறிப்பது என்பதை ஒழுங்காகச் சொல்கிறது, அதனால் என் சோதனையில் தேறியது. டிஎல்எஸ் அத்தியாயம் மட்டும் வயதாகிவிட்டது. கோ மொழிக்கு ஆடம் வுட்பெக் 2021-இல் எழுதியது. ஜாவாவுக்கு எலியட் ரஸ்டி ஹரோல்ட், நான்காம் பதிப்பு. இவை பற்றி நீட்டி முழக்க ஒன்றும் இல்லை. சி-யில் ஒருமுறை கை நனைத்தவருக்கு இவை ஒரு வாரத்துப் படிப்பு. சி தெரியாதவர் இவற்றிலிருந்து தொடங்கினாலும் பாவமில்லை. உங்களுக்கு சி தெரியும் என்பதால் அந்த வழியைச் சொல்கிறேன்.

இன்னொரு ஸ்டீவன்ஸ் புத்தகம் உண்டு, 'டிசிபி/ஐபி இல்லஸ்ட்ரேட்டட்' முதல் தொகுதி. அது புரோகிராம் எழுதச் சொல்லித் தராது. கம்பியில் போகும் பாக்கெட்டுகளை டிசிபி-டம்ப்பில் பிடித்துக் காட்டி, இது ஏன் இப்படிப் போனது என்று பேசும். 2011-இல் கெவின் ஃபால் திருத்திய இரண்டாம் பதிப்பில் ஐபிவி6 எல்லாம் இருக்கிறது. ஆனால் 1994-இன் முதல் பதிப்புதான் படிக்க இதமானது என்பேன். இதில் என்னோடு சண்டை போட ஆட்கள் இருக்கிறார்கள். பரவாயில்லை. மூல ஆவணமே பார்க்க ஆசை வந்தால் யுடிபி-யின் ஆர்எஃப்சி 768-ஐ எடுங்கள். 1980 ஆகஸ்ட், ஜான் போஸ்டல் எழுதியது, மூன்றே பக்கம். ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். ஒரு முழு நெறிமுறையையும் படித்துவிட்டோம் என்ற தெம்பு வேறு வரும்.

எந்தப் புத்தகமாக இருந்தாலும் ஒரே லேப்டாப்பில் இரண்டு பக்கமும் ஓட்டிப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். நான் மாட்டியதே அதில்தான். தனக்குத் தானே பேசும்போது தாமதம் கிட்டத்தட்ட இல்லை, இழப்பும் இல்லை. சென்னையை போர்ட் பிளேரோடும் மற்ற அந்தமான் நிக்கோபார் தீவுகளோடும் இணைத்து 2020 ஆகஸ்டில் திறந்த கடலடி கேபிள் மொத்தம் சுமார் 2,300 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறக்குறைய இரண்டு லட்சம் கிலோமீட்டர் போகும். அப்படியென்றால் வேறு எந்தத் தடையும் இல்லாவிட்டாலும் அவ்வளவு நீளம் போய் வர 23 மில்லி செகண்ட். வங்காள விரிகுடாவுக்குள்ளேயே இந்தக் கதை என்றால் அமெரிக்க சர்வருக்கு எவ்வளவு என்று யோசியுங்கள். லினக்ஸில் டிசி என்ற கட்டளையில் நெட்டெம் என்றொரு வசதி இருக்கிறது. உங்கள் லேப்டாப்புக்குள்ளேயே 200 மில்லி செகண்ட் தாமதத்தையும் நூற்றுக்கு இரண்டு பாக்கெட் இழப்பையும் செயற்கையாக உண்டாக்கலாம். புத்தகத்தின் ஒவ்வொரு உதாரணத்தையும் அந்த நிலையில் ஒருமுறை ஓட்டிவிடுங்கள். பக்கத்து ஜன்னலில் டிசிபி-டம்ப்போ வயர்ஷார்க்கோ ஓடிக்கொண்டே இருக்கட்டும்.

இரண்டாவது கம்ப்யூட்டர் இல்லை என்று சொல்ல வேண்டாம், கையில் போன் இருக்கிறதே. ஆண்ட்ராய்டில் டெர்மக்ஸ் என்ற செயலியைப் போட்டால் பைத்தானும் சி கம்பைலரும் அதில் ஓடும். போனில் ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்பை இணைத்து, சர்வரை லேப்டாப்பிலும் கிளையன்டைப் போனிலும் ஓட்டுங்கள். பேச்சு நடக்கும்போது ஹாட்ஸ்பாட்டை அணைத்துவிடுங்கள். சர்வர் என்ன செய்கிறது பார்த்தீர்களா? ஒன்றும் செய்யாது. ரிசீவில் உட்கார்ந்து காத்துக்கொண்டே இருக்கும். எதிராளி காணாமல் போனதை யாரும் வந்து சொல்ல மாட்டார்கள். கீப்-அலைவ் என்ற வசதியை இயக்கினாலும் லினக்ஸில் அது முதல் விசாரிப்பை அனுப்பவே இரண்டு மணி நேரம் ஆகும், நீங்கள் குறைத்து வைக்காவிட்டால். நாம் எதையாவது அனுப்பிப் பார்த்தாலோ, லினக்ஸ் விடாமல் திரும்பத் திரும்ப முயன்று கால் மணி நேரம் கழித்துத்தான் கைவிரிக்கும். ஸ்டீவன்ஸின் ஐந்தாம் அத்தியாயம் சொல்வதை இப்படி உங்கள் படுக்கை மேலேயே நடத்திப் பார்க்கலாம்.

ஒரு எச்சரிக்கை மட்டும். மொபைல் டேட்டாவில் இருக்கும் உங்கள் லேப்டாப் சர்வரை வேறு ஊரில் இருக்கும் நண்பர் வந்து தொட முடியாது. பெரும்பாலும் ஆயிரக்கணக்கானோர் ஒரே பொது முகவரியைப் பங்கு போட்டுக்கொள்ளும் ஏற்பாட்டுக்குப் பின்னால் இருப்பீர்கள். உங்கள் போனுக்குக் கிடைத்த ஐபிவி4 முகவரி 100.64 முதல் 100.127-க்குள் தொடங்கினால் அதுதான் காரணம். நிரலில் பிழை தேடி ராத்திரியை வீணாக்க வேண்டாம்.

புத்தகம் எங்கே கிடைக்கும் என்றும் கேட்டீர்கள். வியாசர்பாடி ஜீவாவில் ரயில் ஏறினால் சென்ட்ரல். பழைய மூர் மார்க்கெட் 1985 மே மாதம் எரிந்த பிறகு அங்கிருந்த கடைக்காரர்களுக்கு இடம் கொடுத்த அல்லிக்குளம் வளாகம் பக்கத்திலேயே. காலேஜ் புத்தகங்களின் நடுவே ஸ்டீவன்ஸின் இந்திய மலிவுப் பதிப்பு அவ்வப்போது தலைகாட்டும். கிடைக்காத நாளும் உண்டு. வாங்காமல் படிக்க எழும்பூர் கன்னிமாரா நூலகம் இருக்கிறது. இந்தியாவில் அச்சாகும் புத்தகங்களின் பிரதி சட்டப்படி வந்து சேரும் நூலகங்களில் அதுவும் ஒன்று, அதனால் இந்தியப் பதிப்பாக வந்த தொழில்நுட்பப் புத்தகங்களை அங்கே கேட்டுப் பார்ப்பது வீண் போகாது. வீட்டில் உட்கார இடமில்லை என்றால் கொளத்தூரில் 2024 நவம்பரில் திறந்த முதல்வர் படைப்பகம் உங்களுக்குப் பக்கம்தான், லேப்டாப்போடு போய் உட்காரலாம்.

அல்லிக்குளத்தில் பழைய பிரதி கிடைத்தால் அட்டையில் மூன்று பெயரைப் பாருங்கள், சொல்லடைவில் கெட்அட்ர்இன்ஃபோவைத் தேடுங்கள், ஐந்தாவது அத்தியாயத்தின் பக்கங்களைப் புரட்டி எண்ணிப் பாருங்கள். யாராவது செராக்ஸ் எடுக்கக் கிழித்திருந்தால் அந்த அத்தியாயத்தில்தான் கிழித்திருப்பார்கள்.